முட்டை அலமாரியின் நிறம்

கிளெனிஸ் ப்ரீஸிடம் வழி கேட்டவர்கள் எங்கள் ஊர் ஆஷ்வர்டைனில் ஒரே ஒரு முறைதான் கேட்பார்கள். பக்கத்து டவுனுக்குப் பெரிய சாலையில் போனால் பதினோரு கிலோமீட்டர். அவள் சொல்லும் வழியில் பத்தொன்பது. "அந்த வழியில காரே வராது. போன வருஷம் ஒரு டிராக்டர் வந்துச்சு, அதுவும் வழி தப்பி" என்பாள். கேட்டவரே காரில்தான் உட்கார்ந்திருக்கிறார் என்பது அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை.

முப்பத்தோரு வருஷம் இந்தப் பக்கத்தில் தபால் வேன் ஓட்டியவள். எந்த மேட்டில் எந்த மாதம் மண் சரியும், எந்தப் பண்ணை நாய் குரைப்பதோடு நிறுத்திக்கொள்ளும், எது நிறுத்தாது, எல்லாம் அத்துப்படி. வேலை முடிந்து வேனை விட்டு இறங்கியதும் சைக்கிளை எடுத்துக்கொண்டு அதே சாலைகளில் திரும்பவும் போவாள். அவள் கணவர் மெர்வின் சர்ச்சில் மணி அடிக்கிறவர், சைக்கிள் பக்கமே போகமாட்டார். "பகலெல்லாம் சுத்தினது போதாதா உனக்கு?" என்று ஒருநாள் கேட்டிருக்கிறார். "பகல்ல லெட்டரத்தான பாத்தேன், ரோட்ட எங்க பாத்தேன்" என்றாளாம்.

நடுவில் புல் முளைத்த சாலைதான் அவளுக்கு நல்ல சாலை. புல் இருந்தால் அங்கே வண்டி போவதில்லை என்று அர்த்தம். நடுவில் கோழி உட்கார்ந்திருந்தால் இன்னும் மேல். எங்கள் சைக்கிள் கிளப்பில் வருஷா வருஷம் மே மாதம் நடக்கும் இருநூறு கிலோமீட்டர் ஓட்டத்துக்கு வழி போடுகிறவள் அவள்தான். சமையலறை மேஜையில் வரைபடத்தை விரித்து, பெரிய சாலைகளை எல்லாம் சிவப்புப் பென்சிலால் அடைத்துவிட்டு, மிச்சம் இருப்பதில் வழி தேடுவாள். அந்த இருநூறு கிலோமீட்டரில் பெரிய சாலையைத் தொடுவது ஒரே ஒரு இடத்தில், அதுவும் குறுக்கே கடப்பதற்கு மட்டும். அந்த ஒரு இடத்துக்காக ஒவ்வொரு வருஷமும் கிளம்புகிறவர்களிடம் மன்னிப்புக் கேட்பாள். மட்கார்டு இல்லாத சைக்கிளோடு வந்தால் மட்டும் அவளிடம் மன்னிப்புக் கிடையாது. பின்னால் வருகிறவன் முகத்தில் சேறு அடிக்கிறவனுக்கு என் ஓட்டத்தில் என்ன வேலை என்று திருப்பி அனுப்பிவிடுவாள்.

நான் தெல்மா. மிருக ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். என் கையெழுத்து புரியும் என்பதால் கிளப்பில் அட்டை சரிபார்க்கும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். கேக் செய்வது என் சொந்த ஆசை.

எங்கள் ஓட்டம் பந்தயம் இல்லை. முதலில் வந்தவருக்கும் கடைசியில் வந்தவருக்கும் அதே சூப், அதே கேக். காலை ஆறு மணிக்கு ஊர் மண்டபத்தில் கிளம்பி, மாலை ஏழரைக்குள் திரும்பிவிட வேண்டும், அவ்வளவுதான். குறுக்கு வழியில் போகவில்லை என்பதற்கு ஆளுக்கு ஓர் அட்டை உண்டு. வழியில் இருக்கும் டீக்கடைகளில் அதில் முத்திரை வாங்க வேண்டும். கடையே இல்லாத குக்கிராமங்களுக்கு அட்டையில் ஒரு கேள்வி அச்சடித்திருக்கும். சர்ச் வாசலில் எத்தனை படி, தபால் பெட்டி எந்தச் சுவரில் என்பது போல. அங்கே நின்று, பார்த்து, எழுத வேண்டும். பதில் தப்பானால் அந்த இருநூறு கணக்கில் சேராது.

பன்னிரண்டு மாதம் விடாமல் மாதத்துக்கு ஒரு இருநூறு ஓட்டினால் ஒரு சின்ன பேட்ஜ் தருவார்கள். எனக்கு அது கிடைக்கவில்லை. கிடைக்காமல் செய்தவள் கிளெனிஸ்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் நடந்தது. பதினோரு மாதம் முடித்து, பன்னிரண்டாவதாக ஒரு டிசம்பரில் அவளும் நானும் சேர்ந்து போனோம். சர்ச் படிகளைக் குனிந்து எண்ணினேன். எழுதப் போனால் குளிரில் பேனா எழுதவில்லை. அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று சட்டைப் பையில் வைத்தவள் மறந்தே போனேன். அப்போது அட்டை பார்க்கும் வேலை கிளெனிஸிடம் இருந்தது. காலி இடத்தைப் பார்த்தாள். "சேராது, தெல்மா" என்றாள்.

"ஏண்டி, நான் படி எண்ணினத நீயே பக்கத்துல நின்னு பாத்தியே."

"பாத்தேன். ஏழு படி. ஆனா நீ எழுதலையே."

மூன்று வாரம் அவளோடு பேசவில்லை. நான்காவது வாரம் ரொட்டி புட்டிங் ஒரு தட்டு நிறையச் செய்துகொண்டு வந்து வாசலில் நின்றாள். புட்டிங் கொஞ்சம் கருகியிருந்தது. பேசிவிட்டேன். ஆனாலும் அந்தப் பேட்ஜை நினைத்தால் இப்போதும் எனக்கு எரிச்சல் வரும், அதை மறைக்க மாட்டேன்.

அவள் தன்னிடமும் அப்படித்தான் இருந்தாள். ஐம்பத்தொன்றாம் வயதில் ஒரு ஜூன் மாதம் தொடங்கியவள் ஒரு மாதம்கூட விடவில்லை. ஒரு பிப்ரவரியில் ஆறு பெருகிச் சாலை மேல் வந்துவிட்டது. காலுறையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, சைக்கிளைத் தோளில் தூக்கி முழங்கால் தண்ணீரில் நடந்திருக்கிறாள். அன்றைய குறிப்பேட்டில் "தண்ணீர், குளிர்" என்று மட்டும் எழுதியிருந்தது. மெர்வினுக்கு இடுப்பில் ஆபரேஷன் ஆன மாதம், அவர் தூங்கட்டும் என்று காத்திருந்து மாதக் கடைசி நாளில் போனாள். அட்டையின் மூலையில் அது எத்தனையாவது மாதம் என்று சின்னதாக எண் போடுவாள். சென்ற மே மாதத்தோடு அது இருநூற்று நாற்பது ஆக வேண்டும். இருபது முழு வருஷம். எங்கள் பக்கத்தில் யாரும் அதன் அருகில்கூட வந்ததில்லை.

ஓட்டம் நடத்துகிறவர்கள் அன்றைக்கு டீ போட வேண்டும் என்பதால் ஒரு வாரம் முன்னதாகவே தனியாக ஓட்டிவிடுவது எங்கள் வழக்கம். கிளெனிஸ் மே பதினெட்டாம் தேதி கிளம்பினாள். அன்று காலையில் பிடித்த மழை விடவே இல்லை. இரண்டு பஞ்சர். ஏழு இருபதுக்கு மண்டபத்துக்குள் வந்து, தண்ணீர் சொட்டச் சொட்ட அட்டையை நீட்டினாள். உதடு நீலம் பாரித்திருந்தது. நான் ஒவ்வொரு முத்திரையாகப் பார்த்தேன். கல்மர்டன் குக்கிராமத்தின் கேள்வி: பண்ணை வாசலில் முட்டை விற்கும் அலமாரி என்ன நிறம்? அவள் எழுதியிருந்தது: பச்சை. ஆறு வருஷமாக மே மாதத்து வழியில் அதே கேள்வி, அதே பதில். முத்திரை குத்தினேன்.

"இருநூத்தி நாப்பது" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள், ஆனால் டீயில் மூன்று ஸ்பூன் சர்க்கரை போட்டுக்கொண்டாள். அவள் சர்க்கரையே போடாதவள்.

மே இருபத்தாறு, ஞாயிறு, பெரிய ஓட்டம். நாற்பத்து மூன்று பேர் கிளம்பிப் போனார்கள். நான் எலுமிச்சை கேக் ஒன்று செய்து, மேலே வெள்ளைச் சர்க்கரையில் 240 என்று எழுதித் துணி போட்டு மூடி வைத்திருந்தேன். எல்லோரும் திரும்பியதும் வெட்டலாம் என்று திட்டம். கிளெனிஸுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

மூன்று மணிக்கு மேல் ஒவ்வொருவராக வந்தார்கள். முதல் அட்டையைப் பார்த்தேன். கல்மர்டன்: மஞ்சள். சரியான அவசரக்குடுக்கை, பார்க்காமலே எழுதியிருக்கிறான் என்று அட்டையைத் தனியாக வைத்தேன். இரண்டாவது அட்டை: மஞ்சள். சேர்ந்து வந்தவர்கள், ஒருவனைப் பார்த்து ஒருவன் எழுதியிருப்பான். மூன்றாவது ஒரு பெண், தனியாக வந்தவள். மஞ்சள். ஏழாவது அட்டையில் "நல்ல மஞ்சள்" என்றே எழுதியிருந்தது. பன்னிரண்டு அட்டையில் பன்னிரண்டும் மஞ்சளாக இருந்தால் தப்பு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கப் பெரிய புத்தி தேவையில்லை.

கிளெனிஸ் அடுப்புப் பக்கம் சூப் ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் அட்டைகளை எல்லாம் கவிழ்த்து வைத்தேன். சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன், இதை எழுதும்போது வெட்கமாக இல்லை. அவள் அட்டை என் தகர டப்பாவில் இருக்கிறது, முத்திரை குத்தியாகிவிட்டது, யார் கேட்கப் போகிறார்கள்?

சூப் வாங்க வந்த ஒரு மனிதர் காரியத்தைக் கெடுத்தார். "கிளெனிஸ், அந்த முட்டை அலமாரி பிரமாதம். யாரோ பீரோவையே வாசல்ல கொண்டாந்து வச்சிருக்காங்க. அந்த மஞ்சள் அரைக் கிலோமீட்டர் முன்னாடியே கண்ணுல அடிக்குது."

கரண்டி நின்றது. அவருக்குச் சூப்பை ஊற்றிக் கொடுத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, நேராக என் மேஜைக்கு வந்தாள்.

"டப்பாவக் குடு."

"எதுக்கு?"

"தெல்மா, குடு."

தன் அட்டையை எடுத்துப் பார்த்தாள். "நான் நிக்கவே இல்லடி" என்று மெதுவாகச் சொன்னாள். "மழை. நேரம் வேற ஆயிடுச்சு. தலையக் குனிஞ்சுகிட்டே தாண்டிப் போயிட்டேன். என் கேள்விதானே, எனக்குத் தெரியாததான்னு அடுத்த ஊர் டீக்கடையில உக்காந்து எழுதினேன்." என் பேனாவை எடுத்து அட்டையின் குறுக்கே ஒரு கோடு போட்டாள். தானே கேட்ட கேள்விக்குத் தானே தப்பாக எழுதியவள் எங்கள் கிளப்பில் அவள் ஒருத்திதான்.

கேக் மீதிருந்த துணி அந்த நேரம் பார்த்து வழுக்கி விழுந்தது. அவள் அதைப் பார்த்தாள். "வெட்டு. கேக்குக்கு என்ன தெரியும்" என்றாள். முதல் துண்டை அவளே தின்றாள்.

மாதம் முடிய ஐந்து நாள் இருந்தது. எந்த நாளிலும் தனியாக ஓட்டலாம், முன்கூட்டிச் சொல்லிவிட்டால் போதும். ஆனால் எழுபத்தொரு வயதில் இரண்டு வாரத்துக்குள் இரண்டு இருநூறு என்பது விளையாட்டு இல்லை. அவளுடைய இடது முட்டி ஏற்கெனவே மழை வாங்கி வீங்கியிருந்தது. வீக்கம் வடியட்டும் என்று கடைசி நாள்வரை காத்திருந்தாள். மே முப்பத்தொன்று, வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு நானும் சைக்கிளோடு மண்டபத்து வாசலில் நின்றேன்.

"நீ எதுக்கு?" என்றாள்.

"நீ நிக்கிறியா இல்லையான்னு பாக்க."

சிரித்துவிட்டாள்.

முதல் நூறு கிலோமீட்டரில் எங்களைத் தாண்டிய கார்கள் நான்கு. வேலிப் புதர்கள் எல்லாம் வெள்ளையாகப் பூத்துக் கிடந்தன. ஏற்றத்தில் நான் முன் சக்கரத்தைத் தவிர எதையும் பார்ப்பதில்லை, கிளெனிஸ்தான் சொல்லிக்கொண்டே வருவாள். "அந்த வீட்ல கல்யாணப் பத்திரிகை குடுத்தேன், அப்புறம் பன்னெண்டு வருஷம் வக்கீல் லெட்டர் குடுத்தேன்." "இங்க ஒரு வாத்து இருந்துச்சு, வேனுக்கு வழியே விடாது." இப்படி எந்தச் சாலையிலும் அவளுக்கு ஒரு கதை இருந்தது. நான் காதில் வாங்கிக்கொண்டு மூச்சு விடுவதைப் பார்த்தேன்.

கல்மர்டனுக்கு இரண்டரை மணிக்கு வந்தோம். பண்ணை வாசலில் அது நின்றுகொண்டிருந்தது. இரண்டு கதவு வைத்த பழைய துணி பீரோ, காலில் செங்கல் முட்டுக் கொடுத்து, உள்ளே அட்டை அட்டையாக முட்டை. மஞ்சள் என்றால் கடுகுப் பூ மஞ்சள். இதைப் பார்க்காமல் போக மழையோடு நல்ல பிடிவாதமும் வேண்டும்.

கிளெனிஸ் இறங்கினாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, பீரோவை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். பிறகு எழுதினாள். அப்போது பண்ணைக்காரர் காட்ஃப்ரி லெல்லோ வாளியோடு வெளியே வந்தார்.

"மார்ச் காத்துல பழைய பெட்டி பறந்து போச்சு. எங்க அத்தையோட பீரோ சும்மா கெடந்துச்சு" என்றார். பிறகு, "ஆமா, போன வாரத்துக்கு முந்தின சனிக்கிழமை கொட்டுற மழையில போனது நீங்கதானே? ஜன்னல்லேந்து கையக் காட்டினேன், நிமுந்தே பாக்கல நீங்க" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. "கேட்டியாடி? சாட்சி. நீ இந்த வழியாப் போனத ஒரு மனுஷன் கண்ணால பாத்திருக்கார். அட்டை பாக்குறவ நான், நான் சேத்துக்கறேன். அந்தக் கோட்டை அழிச்சிட்டு வீட்டுக்குப் போலாம், வா."

கிளெனிஸ் பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்தாள். என்னை நேராகப் பார்த்தாள்.

"உனக்கும்தான் சாட்சி இருந்துச்சு, தெல்மா. நான்."

காட்ஃப்ரிக்கு ஒன்றும் புரியவில்லை. எங்களுக்கு ஆளுக்கு ஒரு வேகவைத்த முட்டை கொடுத்தார். தின்றுவிட்டு ஏறினோம்.

அதற்குப் பிறகு மேற்குக் காற்று எழுந்தது. திரும்பும் வழி முழுக்க முகத்தில் அடித்தது. அவள் முட்டி வலியோடு மிதித்தாள், ஆனால் வேகம் குறையவில்லை. சோர்ந்து போனது நான்தான். இருபத்துநாலு கிலோமீட்டர் இருக்கும்போது, ஆறு மணிக்குப் பத்து நிமிஷம் முன்னால், என் கால் இரண்டும் நின்றுவிட்டன. கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. மத்தியானம் சரியாகச் சாப்பிடாதவளுக்கு வருவது எனக்கும் வந்தது. ஒரு மரக் கேட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

"நீ போ" என்றேன். "உனக்கு நேரம் சரியா இருக்கு. நான் மெர்வினக் கார எடுத்துட்டு வரச் சொல்றேன்."

"வாயத் தெற" என்றாள். பையிலிருந்து மர்மலேட் தடவிய ரொட்டியை எடுத்துப் பாதியைத் திணித்தாள். பிறகு மிச்சப் பாதியையும்.

"கிளெனிஸ், சொன்னாக் கேளு. இருபது வருஷம்டி."

"எனக்கு எண்ணத் தெரியும். மெல்லு."

கெஞ்சினேன், திட்டினேன். அவள் கேட்டின் மேல் சாய்ந்துகொண்டு அந்தப் பக்கத்து ஆட்டுக்குட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டு நிமிஷம் கழித்து என்னை எழுப்பி சைக்கிளில் ஏற்றினாள். "என் பின் சக்கரத்தையே பாத்துகிட்டு வா. காத்த நான் வாங்கிக்கறேன்" என்றாள். கடைசி வரை அவள்தான் முன்னால் போனாள். என் வேகம் எவ்வளவோ அவ்வளவுதான் அவள் வேகம், ஒரு தடவைகூட இடைவெளி விடவில்லை. அந்தப் பின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே நான் அழுதேன். களைப்பு பாதி, என் மேலேயே கோபம் பாதி. இப்படிப்பட்டவளோடு மூன்று வாரம் பேசாமல் இருந்தோமே என்றும் தோன்றியது.

மண்டபத்தில் மெர்வின் டீ போட்டு வைத்திருந்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், கோப்பைகளை எடுக்கத் திரும்பிக்கொண்டார். மணி ஏழு நாற்பத்தொன்று.

கிளெனிஸ் அட்டையை என் முன்னால் வைத்தாள். எல்லா முத்திரையும் இருந்தது. கல்மர்டன்: மஞ்சள். பேனாவை எடுத்து எழுதினேன். வந்த நேரம், 7.41. அதன் கீழே, சேராது.

வாங்கிப் பார்த்தாள். "சரியா எழுதியிருக்க" என்றாள். கண் கலங்கித்தான் இருந்தது, அதை அவள் துடைக்கவும் இல்லை, ஒளிக்கவும் இல்லை. பிறகு என் டப்பாவை இழுத்து, அதிலிருந்து இரண்டு புது அட்டைகளை எடுத்தாள்.

"நாளைக்குத் தேதி ஒண்ணு" என்றாள்.

"நாளைக்கேவா?"

"பைத்தியமா உனக்கு? முட்டி ரெண்டும் போச்சு. அடுத்த வாரத்துக்கு அடுத்த வாரம்."

ஓர் அட்டையின் மூலையில் சின்னதாக 1 என்று போட்டாள். இன்னொன்றின் மூலையிலும் 1 போட்டு, அதை என் பக்கம் தள்ளினாள்.

இது அக்டோபர். இருவருக்கும் ஐந்து முடிந்திருக்கிறது. எனக்குப் பேட்ஜ் கிடைக்க ஏழு மாதம் இருக்கிறது. அவளுக்கு இருநூற்று நாற்பது வர வேண்டுமானால் தொண்ணூற்றொரு வயதாக வேண்டும், அதை நான் அவளிடம் சொல்லிப் பார்த்தேன். "அப்ப நீ மத்தியானம் ஒழுங்காச் சாப்பிடு" என்றாள். கல்மர்டன் கேள்வியையும் மாற்றிவிட்டாள். அடுத்த மே மாதத்திலிருந்து பீரோ என்ன நிறம் என்று கேட்க மாட்டாள், உள்ளே இன்றைக்கு எத்தனை அட்டை முட்டை இருக்கிறது என்று கேட்பாள். கதவைத் திறந்து பார்க்காமல் அதற்குப் பதில் எழுத அவளாலும் முடியாது.